தோட்ட வேலைக்குறிப்புச் செயலியைக் கைத்தொலைபேசிக்கேற்ப மீள்வடிவமைத்தல்: முழுமையான வழிகாட்டி

கணினிக்கென்று செய்யப்பட்ட ஒரு வேலைக்குறிப்புச் செயலியைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவருவதென்றால், பெரிய திரையில் உள்ளவற்றைச் சுருக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் போதும் என்றுதான் இலங்கை மலையகத்தின் ஹற்றனில் இயங்கும் எங்கள் சிறிய குழுவும் முதலில் எண்ணியிருந்தது. தேயிலைத் தோட்டங்களின் வெளிக்கள உத்தியோகத்தர்களும் கணக்கப்பிள்ளைகளும் அன்றாட வேலைப் பங்கீடு, பேர் (ஒரு நாள் வேலைக்கான வரவு), கொழுந்து நிறுவை, செய்து முடிக்க வேண்டியவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதற்கான செயலி அது. அலுவலகக் கணினியில் நன்றாகவே வேலை செய்துவந்தது. அதைக் கைத்தொலைபேசிக்கு மாற்றிக் கொடுத்த முதல் வாரத்தில், தொழிலாளரின் வரவையும் கூலியையும் குறிக்கும் செக்ரோல் புத்தகத்துடன் பல ஆண்டுகள் பழகிய கணக்கப்பிள்ளை ஒருவர் கொழுந்து நிறுக்கப்படும் மடுவத்தில் வைத்து என்னிடம், "தம்பி, நீங்க சொன்ன பட்டனைத் தேடி எடுக்கிறதுக்குள்ள நான் புத்தகத்துல எழுதி முடிச்சிருவேன்" என்றார். "சரிங்க ஐயா, நீங்க எழுதுறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நிக்கலாமா?" என்று கேட்டேன். அந்த அரை மணி நேரத்தில் அவருடைய கையையும் கண்ணையும் பார்த்து அறிந்துகொண்டதே கீழே விவரிக்கப்படும் முறைக்கு அடிப்படை. கைத்தொலைபேசிக்கான மீள்வடிவமைப்பை, அதைப் பிடித்திருக்கும் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

உதாரணங்கள் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தாலும், நுவரெலியாவின் மரக்கறிச் செய்கையாளருக்கோ பண்டாரவளையின் சிறு கடைக்காரருக்கோ வேலைப்பட்டியல் செயலி செய்பவருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

முதலாவது படி: பாவிக்கப்படும் இடத்துக்குச் செல்லுதல்

அலுவலக மேசையில் அமர்ந்து பாவனையாளர்களிடம் "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டால், அவர்கள் ஏற்கெனவே பார்த்த செயலிகளில் உள்ளவற்றையே சொல்வார்கள். ஆகவே கேள்விகளைப் பின்னர் வைத்துக்கொண்டு, முதலில் மூன்று இடங்களில் நின்று பாருங்கள்: காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பெரட்டுக்களம், வேலை நடக்கும் மலை, கொழுந்து நிறுக்கப்படும் மடுவம். ஒவ்வோர் இடத்திலும் கைத்தொலைபேசி எந்தக் கையில் இருக்கிறது, மற்றக் கையில் என்ன இருக்கிறது, ஒரு பதிவுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, இடையில் யார் குறுக்கிடுகிறார்கள் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கண்டவை எளியவை. ஆனால் எங்கள் பழைய வடிவமைப்பு அவற்றில் ஒன்றையேனும் கருத்திற்கொண்டிருக்கவில்லை. பெரட்டுக்களத்தில் ஒரு கையில் குடை இருந்தது. மலையில் கைத்தொலைபேசி மெல்லிய பொலித்தீன் பைக்குள் இருந்தது. மடுவத்தில் தராசைப் பார்த்து எடையைச் சொல்பவரின் குரலுக்கும் அடுத்த கூடை வருவதற்கும் இடையில் சில விநாடிகளே இருந்தன. 2013ஆம் ஆண்டு ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் 1,333 பேர் கைத்தொலைபேசி பாவிப்பதை அவதானித்து, திரையைத் தொட்டு வேலை செய்தவர்களில் 49 சதவீதமானோர் அதை ஒரே கையில் பிடித்திருந்தார்கள் என்று எழுதினார். அவர் பார்த்தவர்கள் வேறு நாட்டின் தெருக்களிலும் பேருந்துகளிலும் இருந்தவர்கள். குடையும் குறிப்புப் புத்தகமும் பிடிக்கும் மலையகத்தில் மற்றக் கை எப்போதும் வெறுமையாக இருக்கும் என்று நம்புவதற்கு இடமே இல்லை.

எந்தப் பருவத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழையிலும், பதுளை, பசறை பக்கங்களில் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவ மழையிலும் ஒரு நாளாவது நின்று பார்க்காமல் செய்யப்படும் வடிவமைப்பு, வெயில் நாளுக்கு மட்டுமே உரியதாக அமைந்துவிடும்.

இரண்டாவது படி: செயல்களை எண்ணி, ஒன்றை முதன்மைப்படுத்துதல்

அவதானிப்பு முடிந்ததும், செயலியில் செய்யக்கூடிய எல்லாச் செயல்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஒரு நாளில் எத்தனை முறை நிகழ்கிறது என்பதையும், இப்போது அதற்கு எத்தனை தட்டல்கள் தேவைப்படுகின்றன என்பதையும் குறியுங்கள். எங்கள் பட்டியலில் மாதாந்த அறிக்கை பார்ப்பதற்கு இரண்டு தட்டல்களும், ஒரு தொழிலாளியின் கொழுந்து எடையைப் பதிவதற்கு எட்டுத் தட்டல்களும் இருந்தன. முன்னது மாதத்துக்கு ஒரு முறை நிகழ்வது. பின்னது ஒவ்வொரு நிறுவையிலும் ஆளுக்கொரு முறை நிகழ்வது. அந்த ஒரு தாளே எங்கள் பிழையை முழுமையாகக் காட்டிவிட்டது.

அடுத்து, அதிகம் நிகழும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்து, செயலியைத் திறந்தவுடன் அதுவே முன்னால் நிற்குமாறு முடிவுசெய்யுங்கள். இந்த முடிவு கடினமானது. ஏனெனில் அலுவலகத்தில் இருப்பவர்கள் தமக்கு வேண்டிய வரைபடத்தையும் மொத்தத் தொகையையும் முதற்பக்கத்திலேயே கேட்பார்கள். அவை கணினித் திரையில் இருக்கட்டும் என்று உறுதியாகச் சொல்வது வடிவமைப்பாளரின் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன். எதையும் விட்டுக்கொடுக்காமல் செய்யப்படும் கைத்தொலைபேசித் திரை எவருக்கும் உதவாது. நாங்கள் காலையில் வேலைப் பங்கீட்டையும், நிறுவை நேரத்தில் எடைப் பதிவையும் முதற்பக்கமாக வைத்தோம். மற்றவை அனைத்தும் இரண்டாம் நிலைக்குச் சென்றன.

மூன்றாவது படி: கட்டைவிரல் எட்டும் இடத்தில் வேலையை வைத்தல்

உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்ட விதியின்படி, ஓர் இலக்கை எட்டுவதற்கான நேரம் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. ஒரு கையால் பிடித்த பெரிய கைத்தொலைபேசியில் கட்டைவிரலுக்கு மிகத் தொலைவில் இருப்பது மேல் மூலை. கணினியிலிருந்து வந்த பழக்கத்தால் நாம் "சேமி" என்பதை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே முதன்மைப் பொத்தானைத் திரையின் அடியில், முழு அகலத்துக்கு வையுங்கள். பிரதான பிரிவுகளை அடிப்பட்டையில் மூன்று முதல் ஐந்து வரை மட்டும், படத்துடன் பெயரும் சேர்த்துக் காட்டுங்கள். மூன்று கோடுகளுக்குள் மறைத்துவைக்கும் பட்டியலைப் புதியவர்கள் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அன்ட்ரொய்ட் 10 வெளிவந்த 2019 முதல் திரையின் விளிம்பிலிருந்து இழுப்பது "பின்செல்" என்ற கட்டளையாகவும் இருப்பதால், பக்கத்திலிருந்து இழுத்துத் திறக்கும் பட்டியல் பலமுறை பாவனையாளரைத் திரையை விட்டே வெளியேற்றிவிடுகிறது.

அழித்தல் போன்ற ஆபத்தான செயல்களை இதற்கு நேர்மாறாக, எளிதில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அழித்த பின் சில விநாடிகளுக்கு "மீளப் பெறு" என்ற வாய்ப்பைக் கொடுப்பது, ஒவ்வொரு முறையும் "நிச்சயமாகவா?" என்று கேட்பதைவிட நல்லது, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விக்கு மனிதர் வாசிக்காமலே "ஆம்" என்று தட்டப் பழகிவிடுவர்.

தொடும் இடத்தின் அளவு குறித்துத் தெளிவான அளவுகோல்கள் உள்ளன. அப்பிளின் வழிகாட்டல் 44 பொயின்ற் பக்கங்கொண்ட சதுரத்தையும், கூகுளின் வழிகாட்டல் 48 டிபி (திரையின் அடர்த்திக்கேற்பக் கணக்கிடப்படும் அலகு) அளவையும், அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீற்றரையும், கேட்கின்றன. 2023 ஒக்டோபரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு 24 பிக்சலைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்தாலும், அது தாண்டக்கூடாத கீழெல்லை மட்டுமே. மழையில் வேலை செய்பவருக்கு அதை இலக்காகக் கொள்ளாதீர்கள். தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்தே இயங்குகிறது. நீர்த்துளியும் அதே உணர்வைத் தோற்றுவிப்பதால் ஈரத் திரையில் தட்டாத இடம் தட்டப்பட்டதாகவும் இழுப்பு பாதியில் அறுந்ததாகவும் பதிவாகும். எனவே நாங்கள் எடைப் பதிவுப் பொத்தான்களை 64 டிபி உயரத்துக்கு உயர்த்தி, அவற்றுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டோம். இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலைப்பட்டியலில் "மேலே", "கீழே" என்ற பொத்தான்களையும் சேர்த்தோம். இழுவைக்கு மாற்றாக ஒற்றைத் தட்டல் வழி இருக்க வேண்டும் என்பதை அதே 2.2ஆம் பதிப்பும் வலியுறுத்துகிறது.

நான்காவது படி: தமிழ் எழுத்துக்கு இடம் கொடுத்தல்

எங்களுக்கு அதிக காலம் எடுத்ததும், பொதுவான வழிகாட்டிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்தப் படிதான். ஆங்கிலத்தில் வரையப்பட்ட திரையில் தமிழ்ச் சொற்களைப் பின்னர் நிரப்பினால், "சேமிக்கப்பட்டது" என்ற ஒரு சொல்லே பொத்தானை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே முதல் வரைவையே தமிழில், அதுவும் நீளமான சொற்களைக் கொண்டு வரையுங்கள், பொத்தான்கள் இரண்டு வரி வரை விரிய இடம் விடுங்கள், "வேலைப் பங்..." என்று புள்ளி வைத்து வெட்டுவதைத் தவிருங்கள்.

தமிழ் எழுத்தின் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொம்புகளும், கீழே உகர ஊகார வளைவுகளும் இடம்பெறுவதால், வரிகள் நெருக்கமாக இருந்தால் அவை ஒன்றோடொன்று முட்டும். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைத்தோம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால், தலைப்பை வேறுபடுத்த அளவையும் தடிமனையும் இடைவெளியையுமே நம்ப வேண்டியிருக்கிறது. கணினி தானாகச் சாய்த்துக் காட்டும் எழுத்தைத் தமிழுக்குப் பாவிக்காதீர்கள், வாசிப்பு கெடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, பல தடிமன்கள் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் பெரும்பாலான சிக்கல்கள் குறையும். அன்ட்ரொய்ட் 14 முதல் எழுத்தளவை 200 சதவீதம் வரை பெருப்பிக்க முடிவதால், முதியவர்களின் கைத்தொலைபேசியில் உள்ள அமைப்பை வைத்தே ஒவ்வொரு திரையையும் ஒருமுறை பாருங்கள்.

திரைக்குப் பின்னால் நடப்பதும் பாவனையைப் பாதிக்கிறது. "கொழுந்து" என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் எட்டுக் குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 24 பைற்று. குறிப்புக்கு "இருபது எழுத்து" என்று எல்லை வைத்துக் குறியீடுகளை எண்ணினால், பாவனையாளருக்கு அதில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். எல்லையில் வெட்டினால் கடைசி எழுத்தின் கொம்போ புள்ளியோ மட்டும் அறுந்துபோகும். நினைவூட்டலைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறீர்களென்றால் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும் இடத்தில் தமிழில் 70 குறியீடுகளே கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

"கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. எல்லா உள்ளீடுகளையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே சேமிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்துவதிலும் இதே கவனம் தேவை: யூனிகோட் வரிசையில் "ன" என்பது "ந"வுக்கு அடுத்தும், "ற" என்பது "ர"வுக்கு அடுத்தும், "ழ" என்பது "வ"வுக்கு முன்னும் வருகின்றன, பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையை எதிர்பார்த்துத் தேடும் கண்ணுக்கு அந்தப் பட்டியல் குழம்பியதாகத் தோன்றும். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியை நிரலில் குறிப்பிட்டால் இது சரியாகிவிடும்.

சொற்களின் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் முதற் பதிப்பில் "பணியாளர் வருகைப் பதிவு" என்று இருந்தது. பிழையற்ற தமிழ்தான், ஆனால் தோட்டத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. "பேர்", "அரைப் பேர்", "பெரட்டு", "மலை", "கைக்காசு" என்று மக்கள் வாயில் உள்ள சொற்களை வைத்தபோது விளக்கவுரை தேவைப்படாமல் போயிற்று. இந்தச் சொற்கள் தலைமுறைகளாக இந்த வேலையைச் செய்தவர்கள் உருவாக்கிய தொழிற்சொற்கள். அவற்றைத் திரையில் மதிப்போடு வைப்பது வடிவமைப்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐந்தாவது படி: தட்டச்சைக் குறைத்தல்

எடை கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை மட்டுமே திறக்க வேண்டும். தசமப் புள்ளியும் அதில் இருக்க வேண்டும். இன்றைய திகதி, நேற்று வேலை நடந்த மலை, அதே தொழிலாளர் வரிசை ஆகியவற்றைச் செயலியே முன்கூட்டி நிரப்பி, மாறியதை மட்டும் திருத்தச் செய்யுங்கள். ஓர் எடையைப் பதிந்ததும் அடுத்த பெயருக்குத் தானாக நகர்ந்தால், எட்டுத் தட்டல் எண்ணைத் தட்டுவதற்கும் உறுதிசெய்வதற்கும் வேண்டிய அளவுக்குக் குறைந்துவிடும். நீண்ட குறிப்புகளுக்குக் குரல்வழி உள்ளீட்டை அனுமதியுங்கள். கூகுள் 2017 முதல் தமிழைக் குரல்வழித் தட்டச்சில் இலங்கைக்கும் சேர்த்து வழங்குகிறது. எனினும் குரலுக்கு இணைய இணைப்புத் தேவைப்படும் தருணங்கள் இருப்பதால், ஒலிப்பதிவாகவே சேமித்துப் பின்னர் எழுத்தாக்கும் வழியையும் வையுங்கள்.

ஆறாவது படி: சிக்னல் இல்லாதபோதும் இயங்கச் செய்தல்

ஒரு மேட்டில் நான்கு கோடுகள் காட்டும் கைத்தொலைபேசி, அடுத்த வளைவுக்குக் கீழே இறங்கியதும் எதையும் காட்டாது. மலைப்பகுதியில் இதைக் கோளாறாகக் கருதாமல் வழமையான நிலையாகக் கொண்டே வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் முதலில் கைத்தொலைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்புக் கிடைக்கும்போது வரிசையாக அனுப்பப்படட்டும். வட்டம் சுழலும் படத்தைக் காட்டிக் காத்திருக்க வைக்காதீர்கள். பாவனை எளிமை பற்றி ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்த எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன: 0.1 விநாடிக்குள் நிகழ்வது உடனடியாகத் தோன்றும். 1 விநாடி வரை சிந்தனை அறுபடாது. 10 விநாடிக்கு மேல் கவனம் வேறிடம் போய்விடும். தட்டியவுடன் பதிவு திரையில் தோன்ற வேண்டும். அனுப்புதல் பின்னணியில் நடக்கட்டும்.

நிலையைச் சொல்லும் வாசகத்தில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. "அனுப்பப்படவில்லை" என்று சிவப்பில் காட்டியபோது, பதிவு தொலைந்துவிட்டது என்று அஞ்சி ஒரே எடையை இருமுறை பதிந்தவர்கள் இருந்தார்கள். அது ஒருவரின் நாட்கூலிக் கணக்கைத் தொடும் பிழை. "இந்தக் கைத்தொலைபேசியில் பத்திரமாக உள்ளது, சிக்னல் கிடைத்ததும் அனுப்பப்படும்" என்று மாற்றி, காத்திருக்கும் பதிவுகளின் எண்ணிக்கையையும் அருகில் காட்டிய பின் அந்தக் குழப்பம் நின்றது. ஒரே பதிவை இருவர் மாற்றியிருந்தால் இரண்டையும் காட்டி மனிதரைத் தெரிவுசெய்ய விடுங்கள். கூலிக் கணக்கில் செயலி தானாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளிர்வு மாறுபாடு தேவை. மூடுபனி விலகி வெயில் திரையில் விழும்போது மங்கல் சாம்பல் எழுத்து மறைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கருமையான எழுத்தே பகல் வேலைக்கு ஏற்றது. நிறத்தால் மட்டும் எதையும் உணர்த்தாமல் சொல்லையும் குறியையும் சேருங்கள்.

ஏழாவது படி: மாதிரியைக் களத்தில் சோதித்தல்

முதல் மாதிரியைத் தாளில் வரைந்தே சோதிக்கலாம். ஒரு திரைக்கு ஒரு தாள் என்று வைத்து, பாவனையாளர் தொடும் இடத்துக்கேற்பத் தாளை மாற்றுங்கள். அதன் பின் தட்டக்கூடிய மாதிரியைக் கொடுத்து, "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லாமல், "இப்போது ஒருவர் பதினெட்டுக் கிலோ கொண்டுவருகிறார்; பதிந்துவிடுங்கள்" என்று வேலையாகச் சொல்லுங்கள். ஐந்து பேருடன் சோதித்தால் சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்படும் என்று நீல்சன் 2000இல் எழுதியது, ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காண்பார்கள் என்ற கணக்கின் மேல் அமைந்தது. எனவே ஐந்து பேருடன் ஒருமுறை சோதித்து முடிக்காமல், திருத்தி மறுபடியும் வேறு ஐந்து பேரிடம் செல்லுங்கள். கணக்கப்பிள்ளையும் இளைய உத்தியோகத்தரும் பெண் கங்காணியும் வெவ்வேறு சிக்கல்களையே காட்டுவார்கள்.

எங்கள் ஊர்களில் மிகுந்த கவனம் வேண்டிய விடயம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்தவர் எதைக் காட்டினாலும், மனம் நோகக்கூடாது என்பதற்காக "நல்லா இருக்குங்க" என்று சொல்வது நம் மக்களின் பண்பு. மேலதிகாரி பக்கத்தில் நின்றால் அந்தப் பதில் இன்னும் உறுதியாகும். ஆகவே தனியாகச் சோதியுங்கள், "சோதிக்கப்படுவது செயலி, நீங்கள் அல்ல, உங்களுக்குத் தடங்கல் வரும் இடமெல்லாம் நாங்கள் செய்த பிழை" என்பதை முதலிலேயே சொல்லுங்கள், கருத்தைக் கேட்பதைவிட விரல் எங்கே தயங்கியது என்பதைப் பாருங்கள். ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாசகப் பாவனை அளவுகோலைச் சிலர் தமிழாக்கிக் கொடுக்கிறார்கள். அதில் பாதி வாசகங்கள் எதிர்மறையாக அமைந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று இசையும் பணிவு மதிப்பெண்ணைக் குழப்பிவிடும். ஒவ்வொரு வாசகத்தையும் வாய்மொழியாக விளக்கியே கேளுங்கள்.

ஒரு சுற்றையாவது ஈர விரலோடும், ஒற்றைக் கையோடும், பொலித்தீன் பைக்குள் வைத்தும், இணைப்பை நிறுத்தியும் செய்ய வேண்டும்.

எட்டாவது படி: பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுதல்

எல்லாத் திரைகளையும் ஒரே நாளில் மாற்றினால், பழைய குறைகளுக்குள்ளும் ஒரு பழக்கத்தை வளர்த்து வேலை செய்துவந்தவர்கள் நிலைகுலைந்துபோவார்கள். முதலில் ஒரு தோட்டப் பிரிவில் எடைப் பதிவுத் திரையை மட்டும் மாற்றுங்கள். இரண்டு சம்பளக் காலம் முடியும்வரை செக்ரோல் புத்தகத்தையும் சமாந்தரமாக எழுதச் சொல்லி, ஒவ்வொரு மாலையும் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு வரும் நாளில் அந்தப் பதிவை எடுத்து, எந்தத் திரையில், எந்தத் தட்டலில் பிழை நேர்ந்தது என்பதைப் பதிந்தவருடன் அமர்ந்து பாருங்கள். அப்படி ஒப்பிட்டபோது, தசமப் புள்ளி தவறி 18.5 கிலோ 185 கிலோவாகப் பதிந்திருந்ததைக் கண்டு, வழமைக்கு மிஞ்சிய எடைக்கு ஒரு கேள்வி கேட்கும்படி செய்தோம். எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா அந்த இரண்டு சம்பளக் காலமும் புத்தகத்தை இடக்கையில் வைத்திருந்தார். மூன்றாவது மாதத்தில் அது மடுவத்து மேசையில் இருந்தது, அந்தக் கை குடையைப் பிடித்திருந்தது.